குறட்டைக்கு மூக்கில் ஆபரேஷன்: முன்னதாக ஒரு கேள்வி



சென்ற ஆண்டு நம் டிரஸ்டுக்கு ஒரு மருத்துவ உதவி மனு வந்தது. மனுக் கொடுத்தவர் கிண்டி தொழிற்பேட்டையில் சரக்கு வேன் ஓட்டும் சகோதரர். வயது 46. பல வருடமாக மூக்கடைப்பு, கூடவே பலத்த குறட்டை. மூக்கின் நடு எலும்பு வளைந்திருக்கிறது, ஆபரேஷன் செய்துகொள்வது நல்லது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். செலவில் ஒரு பகுதியை அவர் உறவினர்களிடம் திரட்டியிருந்தார். மீதி 40 ஆயிரம் ரூபாயை நாங்கள் கொடுத்தோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று ஃபைலை மூடிவிட்டோம்.

நான்கு மாதம் கழித்து அவருடைய மனைவி அலுவலகத்துக்கு வந்தார். "மூக்கு இப்ப நல்லா இருக்கு பாய். மூச்சு தாராளமா போகுது. ஆனா குறட்டை நின்னபாடில்ல. நடுராத்திரியில திடீர்னு மூச்சே நின்னு போகுது. நான்தான் தட்டி எழுப்புறேன். நேத்து கத்திப்பாரா மேம்பாலத்துல வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே கண் அசந்துட்டாராம்" என்று சொல்லி அழுதார்.

ஆபரேஷனில் எந்தக் குறையும் இல்லை. மூக்கு அடைத்திருந்தது உண்மை, அது சரியானதும் உண்மை. தவறு எங்கள் பக்கம் இருந்தது. ரேஷன் கார்டு கேட்டோம், வருமானம் கேட்டோம், ஜமாஅத் கடிதம் கேட்டோம், மருத்துவமனையின் செலவு மதிப்பீடு கேட்டோம். 'தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா, அதைப் பரிசோதித்தீர்களா?' என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை. அவருக்கு இருந்தவை இரண்டு நோய்கள். நாங்கள் உதவியது ஒன்றுக்கு மட்டும். உயிருக்கு ஆபத்தான மற்றது அப்படியே இருந்தது.

அதன் பிறகு நம் முகாம்களுக்கு வரும் காது மூக்கு தொண்டை டாக்டர்களிடம் விவரமாகக் கேட்டோம், படித்தும் பார்த்தோம். தெரிந்துகொண்டதை நம் மக்களுக்குப் பயன்படும்படி இங்கே எழுதுகிறோம். இது டாக்டரின் ஆலோசனைக்கு மாற்று ஆகாது. டாக்டரிடம் போகும்போது என்ன சொல்ல வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்காகவே இது.

குறட்டைச் சத்தம் எங்கிருந்து வருகிறது?

'மூக்கால் குறட்டை விடுகிறார்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். பெரும்பாலும் சத்தம் பிறக்கும் இடம் தொண்டை. வாயின் மேல்புறம் முன்பக்கம் கெட்டியாகவும் பின்பக்கம் மெத்தென்றும் இருக்கும். அந்த மெத்தென்ற அண்ணமும், அதில் தொங்கும் உள்நாக்கும், நாக்கின் அடிப்பகுதியும் தூக்கத்தில் தளர்ந்துவிடும். குறுகிய அந்த வழியில் காற்று போய்வரும்போது அவை படபடவென்று அதிரும். அந்த அதிர்வுதான் குறட்டை.

அப்படியானால் மூக்குக்கு என்ன வேலை? இளநீரில் போட்டுக் குடிக்கும் காகித ஸ்ட்ராவை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நுனியில் வழுக்கைத் துண்டு அடைத்துக்கொண்டால் நாம் இன்னும் பலமாக உறிஞ்சுவோம். நனைந்த ஸ்ட்ராவின் நடுப்பகுதி உடனே சப்பென்று ஒட்டிக்கொள்ளும். அடைப்பு இருப்பது ஓர் இடம், ஒட்டுவது வேறோர் இடம். மூக்கு அடைத்திருக்கும்போது நுரையீரல் பலமாகக் காற்றை இழுக்கிறது. பின்னால் உள்ள தளர்ந்த தொண்டை உள்நோக்கி ஒடுங்குகிறது. மூக்கு வழி போதாமல் வாயைத் திறந்தால் தாடையும் நாக்கும் பின்னோக்கிச் சரிந்து வழி இன்னும் குறுகிவிடுகிறது.

ஆகவே மூக்கடைப்பு குறட்டையை உண்டாக்கும், ஏற்கெனவே உள்ள குறட்டையைக் கூட்டும். ஆனால் கழுத்துப் பருமன், பெரிய டான்சில், சிறிய தாடை, வயது காரணமான தசைத் தளர்ச்சி போன்றவற்றால் மூக்கு திறந்திருக்கும்போதும் குறட்டை வரலாம். நம் வேன் சகோதரருக்கு இரண்டும் சேர்ந்திருந்தன.

மூக்கு ஏன் அடைக்கிறது?

முதற்காரணம் நடுச்சுவர் வளைவு. இரண்டு நாசித் துவாரங்களையும் பிரிக்கும் சுவரின் முன்பகுதி குருத்தெலும்பு, பின்பகுதி எலும்பு. சிலருக்குப் பிறவியிலேயே வளைந்திருக்கும். சிலருக்குச் சிறுவயதில் விழுந்து அடிபட்டதாலோ கிரிக்கெட் பந்து பட்டதாலோ வளைந்திருக்கும். நூலளவும் வளையாத மூக்கு மிகச் சிலருக்கே உண்டு. ஸ்கேனில் 'வளைவு' என்று வந்துவிட்டதாலேயே ஆபரேஷன் தேவை என்று பொருள் இல்லை.

அடுத்து, மூக்கின் பக்கச் சுவர்களில் உள்ள சதை மடிப்புகள். டாக்டர்கள் டர்பினேட் என்பார்கள். உள்ளே போகும் காற்றை வெதுவெதுப்பாக்கி, ஈரமாக்கி அனுப்புவது இவற்றின் வேலை. தூசி, புகை, அலர்ஜியால் இவை வீங்கிவிடும். லேத் பட்டறையிலும் பெயின்ட் கடையிலும் நாள் முழுவதும் நிற்பவர்களுக்கும், ஜி.எஸ்.டி. சாலைப் புகையில் வண்டி ஓட்டுபவர்களுக்கும் இந்தத் தொல்லை கூடுதல். மூன்றாவது, பாலிப் எனப்படும் திராட்சை போன்ற சதை வளர்ச்சி. இது பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும், வாசனை தெரியாமல் போகும். ஒரு பக்கம் மட்டும் அடைத்து, அந்தப் பக்கம் ரத்தமும் வந்தால் அதைச் சாதாரண மூக்கடைப்பு என்று விட்டுவிடக் கூடாது. உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

குழந்தைகளுக்குப் பொதுவான காரணம் அடினாய்டு. மூக்கின் பின்புறம் தொண்டைக்கு மேலே இருக்கும் இந்தச் சதை பெரிதாகிவிட்டால் குழந்தை வாயைத் திறந்தே தூங்கும், குறட்டை விடும். காதில் நீர் கோத்து, கூப்பிட்டால் திரும்பாது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் வில்ஹெல்ம் மேயர் என்ற டாக்டர் 1868-ல் இந்த நோயை விவரித்து எழுதிய பிறகுதான் உலகம் இதைக் கவனித்தது. 'மந்தமான பிள்ளை' என்று மதரஸாவிலும் பள்ளிக்கூடத்திலும் திட்டு வாங்கும் குழந்தைகளில் சிலர், உண்மையில் இரவில் சரியாகத் தூங்காத, சரியாகக் காது கேட்காத குழந்தைகள். உஸ்தாதுமார்களும் இதைக் கவனத்தில் வைக்க வேண்டுகிறோம்.

வீட்டிலேயே கவனிக்கக் கூடியவை

டாக்டரிடம் போகும் முன் ஒரு வாரம் இவற்றைக் கவனியுங்கள்.

சளி பிடித்தால் மட்டும் குறட்டை வருகிறதா, எல்லா நாளும் வருகிறதா? பகலில் விழித்திருக்கும்போதும் மூக்கு அடைத்திருக்கிறதா? எப்போதும் ஒரே பக்கமா, மாறி மாறியா? ஆரோக்கியமான மூக்கிலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் லேசாக அடைத்து மறுபக்கம் திறப்பது இயல்பு. எப்போதும் அதே பக்கம் என்றால் நடுச்சுவர் வளைவு இருக்கலாம்.

மருந்துக் கடையில் மூக்கின் மேல் ஒட்டும் பட்டை கிடைக்கும். அதை ஒட்டிக்கொண்டு படுத்த இரவுகளில் குறட்டை நன்றாகக் குறைந்தால், மூக்குக்கு அதில் பங்கு உண்டு என்று தெரியும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், பக்கத்தில் படுப்பவர் பார்ப்பது. மனைவியோ கணவரோ மகனோ இரவில் செல்போனில் ஐந்து நிமிடம் வீடியோ எடுக்கட்டும். குறட்டை ஒரே சீராக ஓடுகிறதா, அல்லது நடுவில் சத்தம் அறவே நின்று, மார்பு மட்டும் ஏறி இறங்கி, பிறகு மூச்சுத் திணறியதுபோல் ஒரு பெரிய செருமலோடு தொடங்குகிறதா? இரண்டாவது வகை என்றால் அதை டாக்டரிடம் கட்டாயம் காட்ட வேண்டும்.

நம் வீட்டுப் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண் குறட்டை விட்டால் வீடே சிரிக்கிறது. பெண் குறட்டை விட்டால் அவரே வெட்கப்பட்டு மறைத்துவிடுகிறார். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இந்த நோய் கூடுகிறது. கர்ப்ப காலத்தில் புதிதாகப் பலத்த குறட்டை தொடங்கினால் ரத்த அழுத்தத்தோடு அதற்குத் தொடர்பு இருக்கலாம். அதை மகப்பேறு டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும்.

மூச்சு நிற்கும் குறட்டை

தூக்கத்தில் தொண்டை முழுவதும் ஒட்டிக்கொண்டு குறைந்தது 10 விநாடி மூச்சு நிற்பதை ஸ்லீப் ஆப்னியா என்கிறார்கள். தமிழில் தூக்க மூச்சுத்தடை என்று சொல்லலாம். மூச்சு நிற்கும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை அபாயம் என்று உணர்ந்து தூக்கத்தைக் கலைத்துத் தொண்டையைத் திறக்கிறது. தூங்குபவருக்கு இது நினைவில் இருக்காது. இரவெல்லாம் இப்படி நடந்தால் எட்டு மணி நேரம் படுத்தும் தூங்காதவர்போல் எழுந்திருப்பார். காலையில் தலைவலி, பகலில் தூக்கம், எரிச்சல், மறதி. நாளடைவில் ரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம் வரைக்கும் போகலாம். இந்தித் திரையிசையில் புகழ்பெற்ற பப்பி லஹிரி 2022 பிப்ரவரி 15-ல் மும்பையில் காலமானபோது, அவருக்கு இந்தத் தூக்க மூச்சுத்தடை இருந்ததாக மருத்துவமனை தெரிவித்தது. அதற்குப் பிறகுதான் நம்மில் பலர் இந்த நோயின் பெயரையே கேள்விப்பட்டோம்.

இதைக் கண்டுபிடிக்க ஸ்லீப் ஸ்டடி என்ற பரிசோதனை உண்டு. மருத்துவமனையில் ஓர் இரவு தங்கியோ, சிலருக்குச் சிறிய கருவியை வீட்டுக்கே கொடுத்தோ செய்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்பதை எண்ணுகிறார்கள். பெரியவர்களுக்கு 5-க்குக் கீழ் என்றால் இயல்பு. 5 முதல் 15 வரை லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30-க்கு மேல் கடுமையானது. நம் வேன் சகோதரருக்குப் பிறகு எடுத்தபோது 30-ஐத் தாண்டியிருந்தது.

யாருக்கு இந்தப் பரிசோதனை அவசியம்? பக்கத்து அறைக்குக் கேட்கும் குறட்டை, பகல் சோர்வு, மூச்சு நிற்பதைப் பிறர் பார்த்திருப்பது, ரத்த அழுத்தம், அதிக உடற்பருமன், 50-க்கு மேல் வயது, 40 சென்டிமீட்டருக்கு மேல் கழுத்துச் சுற்றளவு, ஆணாக இருப்பது. இந்த எட்டில் மூன்று இருந்தாலே டாக்டரிடம் கேட்க வேண்டும். ஐந்து இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. ஆட்டோ, வேன், லாரி ஓட்டுபவர்களுக்கும் இரவு ஷிஃப்டில் மெஷின் பார்ப்பவர்களுக்கும் இதைக் கூடுதலாக வலியுறுத்துகிறோம். அவர்கள் கண்ணசந்தால் போகும் உயிர் அவர்களுடையது மட்டும் அல்ல.

கத்திக்கு முன் மருந்து

மூக்கடைப்பு என்றதும் ஆபரேஷனுக்கு ஓட வேண்டியதில்லை. அலர்ஜி வீக்கத்துக்கு டாக்டர்கள் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதுவார்கள். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டுப் பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். மிகச் சிறிய அளவு, பெரும்பாலும் மூக்கோடு நின்றுவிடும் மருந்து அது. அடித்த அன்றே திறக்காது. இரண்டு வாரமாவது தொடர்ந்தால்தான் முழுப் பலன் தெரியும்.

இதற்கு நேர்மாறானவை உடனே மூக்கைத் திறக்கும் சொட்டு மருந்துகள். சளிக்கு மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள் போடலாம். மாதக்கணக்கில் போட்டால் அந்த மருந்தே மூக்கை அடைக்கும். மருந்து இறங்கியதும் முன்னைவிட அதிகமாக வீங்கும், மறுபடி சொட்டு போடுவோம். தலையணைக்கு அடியில் சொட்டு மருந்துப் புட்டி இல்லாமல் தூங்க முடியாதவர்கள் நம் மஹல்லாவிலேயே இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு அந்தப் புட்டியை விடுவதே சிகிச்சை. டாக்டரின் உதவியோடு விடலாம்.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் நல்ல பலன் தரும். ஆனால் குழாய்த் தண்ணீர், தொட்டித் தண்ணீர் கூடாது. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரையே பயன்படுத்த வேண்டும். அரிதாகவே வந்தாலும், வந்தால் பெரும்பாலும் உயிரைப் பறிக்கும் அமீபா ஒன்று அசுத்தமான நீர் மூக்கின் உட்பகுதிக்கு ஏறும்போது மூளையைத் தாக்குகிறது. கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் இதைப் பற்றிச் செய்திகள் வந்ததை அறிவீர்கள். உளூச் செய்யும் ஹவ்ளையும் மேல்நிலைத் தொட்டியையும் முறையாகச் சுத்தம் செய்து குளோரின் இட வேண்டும் என்பதைப் பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் நினைவூட்டுகிறோம்.

எடை கூடியவர்கள் எடையைக் குறைக்க வேண்டும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மூச்சுத்தடை ஏறக்குறைய கால் பங்கு குறைவதாக ஆய்வில் கண்டிருக்கிறார்கள். மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னே சரியும். வலப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது நம் மார்க்கம் நமக்குப் பழக்கிய முறை. குறட்டைக்காரர்களுக்கு அது மருந்தும்கூட. இரவு பத்து மணிக்கு மேல் பிரியாணி சாப்பிட்டு உடனே படுப்பதையும், பீடி சிகரெட்டையும், டாக்டர் எழுதாத தூக்க மாத்திரையையும் விட வேண்டும்.

என்னென்ன அறுவை சிகிச்சைகள்?

மருந்தால் தீராத அடைப்பு என்று டாக்டர் எண்டோஸ்கோப் வைத்துப் பார்த்து உறுதி செய்தால் அறுவை சிகிச்சை வருகிறது. மூக்கினுள் கருவி வைப்பது இன்று நேற்று தோன்றியதல்ல. ஸ்பெயினின் குர்துபா நகர்ப் பக்கத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, கருவிகளின் படங்களோடு எழுதிய 'அத்தஸ்ரீஃப்' என்ற பெருநூலில் மூக்குச் சதையைக் கொக்கியால் பிடித்து அகற்றுவதை விளக்கியிருக்கிறார். மயக்க மருந்தும் எண்டோஸ்கோப்பும் இல்லாத காலம் அது.

நடுச்சுவரை நேராக்குவது செப்டோபிளாஸ்டி. துவாரத்தின் உள்ளேயே கீறி, மேல்தோலைப் பிரித்து, வளைந்த குருத்தெலும்பையும் எலும்பையும் சீராக்கித் தோலைத் திரும்ப ஒட்டிவிடுவார்கள். வெளியே தழும்பு இருக்காது, மூக்கின் வடிவம் பொதுவாக மாறாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளைந்த பகுதியைப் பெருமளவு வெட்டி எடுத்துவிடும் முறை இருந்தது. இன்று தேவையானதை மட்டும் எடுத்து, தாங்கும் பகுதியை விட்டுவைக்கிறார்கள். வளரும் பிள்ளைகளுக்கு, அடைப்பு மிகக் கடுமையாக இல்லாவிட்டால், மூக்கின் வளர்ச்சி முடியும்வரை இதைத் தள்ளிப்போடுவதே வழக்கம்.

வீங்கிய டர்பினேட்டைச் சுருக்குவது இன்னொரு வகை. ரேடியோ அலை வெப்பத்தால் சுருக்கலாம், உள்சதையைக் குறைக்கலாம், எலும்பைச் சற்று ஓரமாகத் தள்ளலாம். முழுவதும் வெட்டி எடுக்கக் கூடாது. எடுத்துவிட்டால் மூக்கு வறண்டு, வழி விசாலமாக இருந்தும் மூச்சுப் போகாததுபோல் உணரும் தொல்லை சிலருக்கு வந்துவிடும். பல நேரங்களில் செப்டோபிளாஸ்டியோடு சேர்த்தே இதைச் செய்கிறார்கள்.

பாலிப்புக்கும் தீராத சைனஸுக்கும் எண்டோஸ்கோப் வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சை உண்டு. முன்னதாக சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள், ஏனென்றால் கண்ணும் மூளையும் மெல்லிய எலும்புக்கு அப்பால்தான் இருக்கின்றன. பாலிப் திரும்ப வளரக் கூடியது. ஆபரேஷனுக்குப் பிறகும் ஸ்பிரேயைத் தொடர வேண்டியிருக்கும்.

குழந்தைகளின் மூச்சுத்தடைக்கு அடினாய்டையும் டான்சிலையும் அகற்றுவதே பெரும்பாலும் முதல் சிகிச்சை. நல்ல பலன் தருவது. 'சின்னப் பிள்ளை, வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று மூச்சு நிற்கும் குழந்தையை வருடக்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது.

என்ன பலன் எதிர்பார்க்கலாம்?

மூக்கு அடைப்பு நீங்கும். வாய் உலர்ந்து எழுவது குறையும். மூக்கே முக்கியக் காரணமாக இருந்து, மூச்சுத்தடை இல்லாதவர்களுக்குக் குறட்டையும் நன்றாகக் குறையலாம். தூக்கம் தெளிவாக இருப்பதாகப் பலர் சொல்கிறார்கள்.

ஆனால் தூக்க மூச்சுத்தடை உள்ளவருக்கு மூக்கு ஆபரேஷன் மட்டும் செய்தால், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது என்ற கணக்கு பெரும்பாலும் அதிகம் மாறுவதில்லை. இதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குறட்டைச் சத்தம் குறைந்துவிட்டதால் நோயும் போய்விட்டது என்று நினைப்பது இன்னும் ஆபத்து, சத்தமில்லாமலும் மூச்சு நிற்கலாம்.

நடுத்தர, கடுமையான மூச்சுத்தடைக்கு முதன்மையான சிகிச்சை சி-பாப் கருவி. முகமூடி வழியாக லேசான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் 1981-ல் அறிமுகப்படுத்தியது. மூக்கு அடைத்தவர்களால் இந்த முகமூடியைப் போட்டுக்கொண்டு தூங்க முடியாது. அவர்களுக்கு மூக்கு ஆபரேஷன் பெரிய உதவி. ஆபரேஷனுக்குப் பிறகு குறைந்த அழுத்தத்திலேயே கருவி வேலை செய்யும். ஆகவே வேன் சகோதரருக்குக் கொடுத்த 40 ஆயிரமும் வீண்போகவில்லை. அது முதல் படி என்பதை அவரும் அறியவில்லை, நாங்களும் அறியவில்லை.

ஆபரேஷன் முன்னும் பின்னும்

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் 'நான் குறட்டை விடுவேன், தூக்கத்தில் மூச்சு நிற்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள்' என்று கட்டாயம் சொல்ல வேண்டும். மயக்கம் தெளியும் நேரத்தில் தொண்டை மேலும் தளர்ந்திருக்கும், மூக்கும் பஞ்சால் அடைபட்டிருக்கும். மூச்சுத்தடை உள்ளவர்களை அன்றிரவு கூடுதல் கண்காணிப்பில் வைப்பார்கள். ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாத மருந்துகள் சாப்பிடுபவர்கள் அதையும் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

செப்டோபிளாஸ்டி பொதுவாக ஒரு மணி நேரத்தை ஒட்டிய வேலை. அன்றோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உள்ளே பஞ்சு வைத்திருந்தால் ஓரிரு நாளில் எடுப்பார்கள். மெல்லிய தகடு வைத்திருந்தால் ஒரு வாரம் ஆகலாம். முதல் வாரம் வீக்கத்தால் மூக்கு முன்னைவிட அடைத்ததுபோலத் தோன்றும். பயப்பட வேண்டாம். இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், பளு தூக்கக் கூடாது, குனியக் கூடாது.

இங்கே தொழுகை பற்றிய கேள்வி வரும். ஸஜ்தாவில் தலை தாழும்போது ரத்தக் கசிவு வரலாம். டாக்டர் தடுத்த நாட்களில் உட்கார்ந்து சைகையால் தொழ மார்க்கத்தில் சலுகை உண்டு. உளூவிலும் குளிப்பிலும் மூக்கில் தண்ணீர் ஏற்றுவது பற்றியும், நோன்பு நாட்களில் மூக்கில் மருந்து விடுவது பற்றியும் டாக்டர் சொன்னதை உங்கள் பள்ளி இமாமிடம் கூறி விளக்கம் பெற்றுக்கொள்ளுங்கள்.

சிக்கல்கள் அரிது என்றாலும் தெரிந்திருக்க வேண்டும். ரத்தக் கசிவு, கிருமித் தொற்று, நடுச்சுவரில் ஓட்டை, மேல் முன்பற்களில் சில காலம் மரமரப்பு, வாசனை குறைவது, வளைவு ஓரளவு மிச்சமிருப்பது. ரத்தம் நிற்காமல் வந்தாலோ, காய்ச்சலும் வலியும் கூடி இரண்டு பக்கமும் திடீரென்று முழுவதும் அடைத்தாலோ, நள்ளிரவானாலும் ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எங்கே போவது?

சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைக்கென்று தனி உயர்நிலைப் பிரிவே இயங்குகிறது. கிண்டியிலிருந்து மின்சார ரயிலில் பூங்கா நிலையத்திலோ, மெட்ரோவில் சென்ட்ரலிலோ இறங்கினால் நடந்தே போய்விடலாம். ராயப்பேட்டை, கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி அரசு மருத்துவமனைகளிலும் இந்தப் பிரிவு உண்டு. காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டுப் போட வேண்டும். பழைய சீட்டுகள், சாப்பிடும் மாத்திரைகள், செல்போன் வீடியோ ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். அரசின் 104 எண்ணில் அழைத்தும் ஆலோசனை கேட்கலாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள், தங்களுக்கு எழுதிக் கொடுத்த சிகிச்சை அதில் அடங்குமா, எந்த மருத்துவமனையில் என்று அட்மிட் ஆகும் முன்பே அங்குள்ள காப்பீட்டு அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் கட்டிய பிறகு அட்டையைக் காட்டிப் பயன் இல்லை.

நம் டிரஸ்டின் புதிய நடைமுறை

மேலே சொன்னதை மஷூரா செய்து மருத்துவ உதவிக் குழு ஒரு முடிவு எடுத்திருக்கிறது. குறட்டைக்காக மூக்கு, தொண்டை ஆபரேஷன் கேட்டு மனுச் செய்யும் பெரியவர்கள் இனி நான்கு கேள்விகளுக்கு டாக்டரிடம் பதில் வாங்கி வர வேண்டும். அடைப்பு எந்த இடத்தில்? மருந்து எத்தனை வாரம் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது? தூக்கப் பரிசோதனை தேவையா, தேவையென்றால் எடுத்தாகிவிட்டதா? ஆபரேஷனுக்குப் பிறகு வேறு சிகிச்சை தேவைப்படுமா? தூக்கப் பரிசோதனைக்கே பணம் இல்லாதவர்களுக்கு அந்தச் செலவுக்கும் இனி உதவுவோம். இது மனுவைத் தட்டிக்கழிக்கும் வழி என்று யாரும் எண்ண வேண்டாம். நீங்கள் ஜகாத்தாகவும் ஸதகாவாகவும் தரும் பணம் எங்களிடம் அமானிதம். நோயாளியின் உயிர் அதைவிடப் பெரிய அமானிதம்.

வேன் சகோதரருக்கு ஒரு நல்ல மனிதர் பெயர் சொல்லாமல் சி-பாப் கருவி வாங்கிக் கொடுத்தார். முதல் இரண்டு வாரம் முகமூடியைக் கழற்றி எறிந்துகொண்டிருந்தவர், இப்போது அதில்லாமல் படுப்பதில்லை. கருவி பழகும்வரை இரவு வண்டியை விட்டிருந்தார். சென்ற மாதம் ஃபஜ்ருக்குப் பிறகு பள்ளிவாசலில் அவரைப் பார்த்தோம். "இப்பல்லாம் பாங்கு சத்தத்துல நானே எழுந்திரிச்சிடறேன் பாய். முன்னாடி வீட்ல தண்ணி தெளிச்சாத்தான் எழுந்திரிப்பேன்" என்று சிரித்தார்.

உங்கள் வீட்டில் யாராவது குறட்டை விட்டால் இன்றிரவு ஐந்து நிமிடம் விழித்திருந்து கவனியுங்கள். மூச்சு நின்று தொடங்கினால் சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துவிடாதீர்கள். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.

செயலாளர்
மருத்துவ உதவிக் குழுவுக்காக